நடக்கிற வண்டிக்கு ஒரு டைனமோ

ஏறுங்க சார், முன்னாடியே ஏறுங்க. கதவைக் கொஞ்சம் பலமா இழுத்துச் சாத்துங்க. ஆங், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குத்தானே? நானும் அந்தப் பக்கந்தான் போறேன். இங்க சுடுகாட்டு வாசல்ல நின்னா ஆட்டோ கிடைக்காது. ஒருத்தனும் இந்த ரோட்டுக்குள்ள திரும்ப மாட்டான். பின்னால எல்லாம் பாக்க வேணாம் சார், காலிதான். பெரியவரை இறக்கியாச்சு, பூ மட்டுந்தான் கெடக்கு.

நீங்க அவரு மகனோட ஆபீஸ்ல வேலை பாக்கறவரா? அந்த ரோஜா மாலை நீங்க கொண்டாந்ததுதானே? பாத்தேன். வெளியூர்க்காரர்னு அப்பவே நெனச்சேன். ஏன்னா இந்த வத்தலக்குண்டுக்காரன் எவனும் இந்த வண்டியில திரும்பிப் போக மாட்டான். வரும்போது இடமில்லாம தொத்திக்கிட்டு வருவான். எல்லாம் முடிஞ்சு குளிச்சதும் பைக்குலயோ நடந்தோ எப்படியோ போயிருவான். சொர்க்க ரதத்துல திரும்பி வரக்கூடாதாம். அவங்கவங்க வழக்கம், நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா இத்தனை வருசத்துல இந்த முன் சீட்டுல ஒரு ஆளு உக்காந்து திரும்பி வர்றது இன்னைக்குத்தான். சந்தோசமா இருக்கு சார். துட்டி வீட்டுல, அதான் சாவு வீட்டுல, சொல்லக்கூடாத வார்த்தைதான், இருந்தாலும் இருக்கே.

என்ன, இறங்கணுங்கிறீங்களா? அட உக்காருங்க சார். தெரியாமத்தானே ஏறினீங்க, தெரியாம ஏறினா தோசம் இல்ல. நானே சொல்றேன்ல.

ஃபேன் போடறேன் பாருங்க. காத்து வருதா? இது முன்னாடிக்கு ஒண்ணு. பின்னால ரெண்டு இருக்கு, பக்கத்துல உக்காந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு. இப்ப சீரியல் லைட்டையும் போடறேன். மேல சுத்துற லைட்டு, அதையும் போடறேன். பாட்டு வேணாம், நீங்க இப்பத்தான் துட்டியில இருந்து வர்றீங்க. ஆனா பாட்டையும் போட்டாலுஞ் சரி, பின்னால போட்டோ ஓடற போர்டையும் போட்டாலுஞ் சரி, இந்தக் கரண்டு மீட்டர் முள்ளைப் பாருங்க. அசையுதா? அசையாது சார். நின்னாலும் அசையாது, நடந்தாலும் அசையாது. எல்லாம் டைனமோ. ஆல்டர்னேட்டர்னு பில்லுல எழுதுவாங்க, நாங்க டைனமோன்னுவோம். இன்ஜின் ஓடுறப்ப கூடவே சுத்திக் கரண்டு எடுத்து பேட்டரிக்குக் குடுக்கறது. அதைப் போட்டது சவரிமுத்து. பெரியகுளம் ரோட்டுல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கான். என் கூட்டாளி. எனக்குன்னு இந்த ஊர்ல இருக்கிற கூட்டாளின்னா அவன் ஒருத்தன்தான்.

நான் முன்னால ஆம்புலன்ஸ் ஓட்டினவன் சார். அப்பல்லாம் தவசி தவசின்னு ஊரே கூப்பிடும். டீக்கடையில இடம் ஒதுக்குவான். அப்புறம் சொந்தமா இருக்கட்டுமேன்னு இந்தப் பழைய வேனை வாங்கி, ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, ரதமா மாத்துனேன். தொழில் சுத்தம். ராத்திரி பகல்னு இல்லாம கூப்பிட்ட குரலுக்குப் போவேன். அன்னையில இருந்துதான் பேச்சுக் கொறைஞ்சுபோச்சு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கிறவன் "வண்டியில வந்துராதண்ணே"ன்னு சொல்லி வெப்பான். அப்புறம் பத்திரிகையே வெக்கிறதில்ல. ஞாபக மறதியா இருக்கும். வீட்டுக்காரி திருப்பூர்ல மக பிரசவத்துக்குன்னு போனா. பிள்ளை இப்பப் பள்ளிக்கூடம் போகுது, இவ இன்னும் பிள்ளை பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. பாசம்!

அதனால எனக்குப் பேச்சுத் துணைன்னா சவரி கடை பெஞ்சுதான். அதை மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

மொத மொத ஒரு ஃபியூஸ் மாத்தத்தான் போனேன். அவன் ஸ்டார்டர் மோட்டார் ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தான். "உக்காருங்கண்ணே, இதை முடிச்சிட்டு வர்றேன்"னான். உக்காருங்கண்ணேன்னு ஒரு ஆளு சொல்லி எத்தனை நாளாச்சுன்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. உக்காந்தேன். டீ சொன்னான். எதுத்தாப்ல டீக்கடை. கேளுங்க சார், அங்க எல்லாத்துக்கும் கண்ணாடி கிளாஸ், கழுவுனானோ இல்லையோ. எனக்கு மட்டும் புதுப் பேப்பர் கப்பு. நான் கேக்கல, டீக்கடைக்காரனே பாத்துக் குடுத்துவிடுவான். அந்த மரியாதை இன்னைவரைக்கும் நடக்குது.

அப்புறம் சீரியல் லைட்டு போட்டேன். நெலக்கோட்டை ரதக்காரன் வண்டியில லைட்டு இருக்கு, நம்ம வண்டியில இல்லையேன்னு. லைட்டு போட ஒரு நாளு ஆச்சு. அன்னைக்குப் பூராம் பெஞ்சுல. அடுத்து ஆம்ப்ளிஃபயர், கூரைமேல ஸ்பீக்கர். அதுக்கு ரெண்டு நாளு. அப்புறம் மதுரை ஆஸ்பத்திரியில இருந்து பாடியைக் கொண்டாறதுக்கு ஐஸ் பெட்டி வேணும்னு இன்வெர்ட்டர் வெச்சோம். ஃபேனு. போனுக்குச் சார்ஜர். செத்தவனுக்கு எதுக்குண்ணே சார்ஜர்னு சவரி கேட்டான். செத்தவனுக்கு இல்லடா, கூட வர்றவனுக்குன்னேன். கடைசியா போட்டோ போர்டு. இறந்தவங்க முகமும் பேரும் பின்னால கலர்ல ஓடும். ஜில்லாவுலயே மொதல்ல போட்டது நான்தான். தொழில்னா மேல மேல போட்டுக்கிட்டே இருக்கணும் சார், சும்மா இருந்தா துருப்புடிச்சுப்போகும்.

சவரி ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். "அண்ணே, வண்டியில கம்பெனி குடுத்தது சின்ன டைனமோ. ஹெட்லைட்டுக்கும் செல்ஃபுக்கும் அளந்து குடுத்தது. ஒரு ஆள் சமைக்கிற சோத்துக்கு ஊரையே கூப்பிடறீங்க, பாத்துக்கங்க." அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நமக்காகக் கவலைப்பட ஒரு ஆளு இருக்கானேன்னு.

பேட்டரி எறங்க ஆரம்பிச்சுச்சு. காலையில சாவியைத் திருப்பினா செல்ஃபு முனகும், இன்ஜின் லேசுல கிளம்பாது. சரி, பெரிய டைனமோவே போட்டுருவோம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணி, மதுரையில பழைய சாமான் கடையில ஒரு பஸ் டைனமோவைப் பிடிச்சோம். பூசணிக்காய் தண்டி இருக்கும். அதை உக்கார வெக்க ஸ்டாண்டு வெல்டிங் வெச்சு, பெல்ட்டு மாத்தி, ஒயரை எல்லாம் தடியா இழுத்து, சவரி படாத பாடு பட்டான். மாட்டி முடிச்சதும் பைபாஸ்ல ஓட்டிப் பாத்தோம். அவன் மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு இந்த சீட்டுலதான் உக்காந்திருந்தான். இல்ல இல்ல, நீங்கதான் மொத ஆளுன்னு சொன்னேன்ல, அது சுடுகாட்டுல இருந்து திரும்பும்போது. அது வேற. எல்லாத்தையும் போட்டு விட்டு அறுபதுல போனேன். முள்ளு கல்லு மாதிரி நிக்குது. "பஸ்ஸே ஓடும்ணே இதுல"ன்னு தொடையில தட்டுனான். அந்தத் தட்டு இன்னும் தொடையிலயே இருக்கு சார்.

அந்த வாரமே அரிசி மண்டிக்காரர் வீட்டுச் சாவு. பெரிய குடும்பம், ஊரே திரண்டுருச்சு. கடைவீதி வழியாத்தான் கொண்டு போகணும்னு சொல்லிட்டாங்க. லைட்டு, பாட்டு, ஃபேனு, போர்டு எல்லாம் போட்டு, ஜம்முன்னு கெளம்புனோம். முன்னால கொட்டு, வேட்டு. மூத்த மகன் கொள்ளிச்சட்டி தூக்கி முன்னால நடக்கறான். வண்டி அவன் பின்னால நடக்குது. நடக்குதுன்னுதான் சொல்லணும். பத்தடி போகும், நிக்கும். ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒருத்தர் மாலை போடுவாரு. மறுபடி பத்தடி.

பாதிக் கடைவீதி தாண்டல சார். பாட்டு இழுக்க ஆரம்பிச்சுச்சு, தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி. ஃபேனு நின்னுபோச்சு. போர்டுல பெரியவர் முகம் வருது, போகுது, வருது, போகுது. ஒரு பொம்பளை "ஐயோ எங்கப்பா கண்ணைச் சிமிட்டறாரே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு ஓடியாருது. நான் அதைப் பாத்துக்கிட்டே கிளட்ச்சை விட்டுட்டேன், இன்ஜின் அமந்துபோச்சு. செல்ஃப் அடிக்கிறேன், டக் டக்குங்குது. அவ்வளவுதான்.

தள்ளுங்கய்யான்னேன். ஒருத்தன் கையை வெக்கல. சவ வண்டியைத் தள்ளுனா அடுத்து அவன் வீட்டு வாசல்லதான் நிக்கும்னு யாரோ சொல்லிட்டான். அந்தக் கூட்டத்துல எனக்குத் தெரிஞ்ச முகம் எத்தனையோ. நான் ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போய்ப் பிழைக்க வெச்சவனே ரெண்டு பேரு நிக்கறான். எல்லாரும் என் கையைப் பாக்கறாங்களே தவிர முகத்தைப் பாக்கல. கடைசியில மரக்கடையில மூங்கில் வாங்கிக் கட்டி, பெரியவரைத் தோள்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. கொட்டுச் சத்தமும் போயிருச்சு. நடுவீதியில நானும் வண்டியும் மட்டும். உள்ள நசுங்குன பூ. ரெண்டு பக்கமும் கடைக்காரன் வாசல்ல தண்ணி தெளிக்கிறான், என்னை ஒரு வார்த்தை கேக்கல. அழுதேன் சார். ஸ்டியரிங்ல தலையை வெச்சு அழுதேன். யாரும் பாக்கல. நல்லதாப்போச்சு.

சவரிக்குப் போன் போட்டேன். மொபெட்டுல பேட்டரியைக் கட்டிக்கிட்டு வந்துட்டான். பேட்டரியை மாத்தறதுக்கு முன்னால ஓரங்கட்டணும்னு வண்டி பின்னால போய்க் கையை வெச்சு ஒத்தை ஆளாத் தள்ளுனான். கையை வெச்சான் சார். அதைத்தான் சொல்ல வந்தேன். ஊரே பாக்கக் கையை வெச்சான்.

கடைக்கு வந்து ரொம்ப நேரம் தலையில கை வெச்சு உக்காந்திருந்தான். அப்புறம் திடீர்னு சிரிக்கிறான். "அண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் புத்தி இல்லண்ணே. பைபாஸ்ல ஓட்டிப் பாத்தோம். இது ஓடற வண்டியா? இது நடக்கற வண்டில்ல!"

புரியுதுங்களா? பஸ் டைனமோ பெருசுதான், ஆனா வேகமாச் சுத்துனாத்தான் கரண்டு தரும். துட்டிக்குப் போற வண்டி நடக்குது. இன்ஜின் முனகிக்கிட்டேதான் இருக்கும், டைனமோ பாதித் தூக்கத்துல சுத்தும். இந்த ஊர்ல எந்த வண்டிக்கும் வராத நோவு, நம்ம வண்டிக்கு மட்டும் வந்துச்சு.

அப்புறம் அவன் விடல. மெதுவாச் சுத்தும்போதே கரண்டு எடுக்கிற டைனமோ எங்க கிடைக்கும்னு யார் யாருக்கோ போன் போட்டு, கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்சான். அது தலையில பெல்ட்டு ஓடற சக்கரம், புல்லிம்பாங்க, அதைச் சின்னதாக் கடைஞ்சு போட்டான். புல்லி சின்னதானா டைனமோ வேகமாச் சுத்தும்ல, அதுக்கு. ஐஸ் பெட்டிக்குத் தனியா ஒரு பேட்டரி. வேலை ஒரு வாரத்துக்கு மேல இழுத்துச்சு. இந்த வேலை நடக்கறப்ப வேற வண்டியே கடைக்கு வரல சார். ஒண்ணு ரெண்டு வரும், வாசல்ல நம்ம வண்டி நிக்கறதைப் பாக்கும், அப்படியே போயிரும். சவரிக்குக் கெடக்கிற வேலைக்கு அதுவும் வசதியாப்போச்சு. நிம்மதியா என் வண்டியையே பாத்தான். நான் பெஞ்சுல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன். அவன் ம் ம்பான். அவன் சம்சாரம் மேரி ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டு உள்ள போயிரும். கூச்ச சுபாவம்.

மாட்டி முடிச்சாச்சு. எப்படிச் சோதிக்கிறது? ஓட்டிப் பாத்துப் பிரயோசனமில்ல, நடத்திப் பாக்கணும். பக்கத்துல சந்தை மைதானம், அன்னைக்குச் சந்தை இல்ல. நான் எல்லாத்தையும் போட்டேன். லைட்டு, பாட்டு, ஃபேனு, ஐஸ் பெட்டி, போர்டு. போர்டுல ஓட முகம் இல்ல, என் போட்டோவையே போட்டுவிட்டேன். சவரி வண்டிக்கு முன்னால நடந்தான். கையில ஒயர் இழுத்து மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு, பின்னால திரும்பித் திரும்பி என்னைப் பாத்துக்கிட்டு. அவன் பத்தடி நடப்பான், நிப்பான். நானும் பத்தடி, நிப்பேன். நடு மத்தியான வெயில்ல மைதானத்தைச் சுத்தி வர்றோம். பாட்டு கணீர்னு கேக்குது. முள்ளு அசையல. எனக்கு என்னமோ போல ஆயிருச்சு சார். ஒரு ஆளு எனக்காக முன்னால நடக்கறானேன்னு. இன்னொரு சுத்து போவோம் சவரி, இன்னொரு சுத்து போவோம்னு மூணு நாலு சுத்து போயிட்டேன்.

அதுக்குள்ள மேரி பாத்துருச்சு. கடையில இருந்து ஓடியாந்து, "பிள்ளை குட்டிக்காரன் சவ வண்டிக்கு முன்னால நடக்கறியே, உனக்கு என்ன வந்துச்சு? காலி வண்டிக்கு முன்னால நடந்தா யாரைக் கூப்பிடுதுன்னு அர்த்தம்?"னு கத்துது. சவரி கையில இருந்த மீட்டரைப் புடுங்கிக் கீழ வெச்சுருச்சு. அது பயந்த சுபாவம், பாவம். நான் கோவிச்சுக்கல. நான் பாட்டை நிறுத்துனேன். அந்த போர்டை நிறுத்த மறந்துட்டேன், என் முகம் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் கூலி எவ்வளவுன்னேன். சாமானுக்கு மட்டும் குடுங்கண்ணே போதும்னுட்டான். அவ்வளவு பிரியம்! அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான், "இனி ஆயுசுக்கும் இந்த வண்டி என் கடைக்கு வர வேண்டியதில்லண்ணே"ன்னு. எவன் சார் இந்தக் காலத்துல ஆயுசுக்கும் கேரண்டி குடுக்கறான்? சொல்லும்போது அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. செஞ்ச வேலையில அவ்வளவு பெருமை.

கேரண்டின்னா கேரண்டிதான். தையில போட்டது. ஆடி முடியப்போகுது, ஒரு ஃபியூஸ் போகல சார். ஒரு பல்பு போகல. எத்தனையோ ஊர்வலம் நடந்தாச்சு, முள்ளு அசையல. ஆரம்பத்துல பெருமையா இருந்துச்சு. அப்புறம் காலையில எந்திரிச்சதும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாப்பேன். எல்லாம் எரியும். எல்லாம் எரியுதேன்னு ஒரு மாதிரி இருக்கும். கடை வழியாப் போவேன், வேகத்தைக் கொறைப்பேன். சவரி உள்ள இருந்தே கையை ஆட்டுவான், போங்க போங்கன்னு. வேலை மும்முரம். இப்ப வாசல் நிறைய வண்டி நிக்குது, நல்லா இருக்கான். நல்லா இருக்கட்டும்.

வீட்டுல சத்தமே இல்ல சார். சோத்தைப் பொங்கி வெச்சிட்டு வண்டியில வந்து உக்காந்து சாப்பிடறேன். ஃபேனு ஓடுது, லைட்டு எரியுது, ஆளு இல்ல. இதுக்குத்தான் இத்தனையும் போட்டமான்னு இருக்கு.

போன வாரம் தாங்கல. வண்டியை வீட்டுல விட்டுட்டு நடந்தே கடைக்குப் போயிட்டேன். சவரி நிமுந்து பாத்தான். என்னைப் பாக்கல, எனக்குப் பின்னால ரோட்டைப் பாத்தான். "வண்டி எங்கண்ணே?"

வீட்டுல நிக்குதுன்னேன்.

"என்ன செய்யுது?"

ஒண்ணும் செய்யல, நல்லா இருக்குன்னேன்.

"அப்ப எதுக்குண்ணே வந்தீங்க?"

கோவமாக் கேக்கல சார். நெசமாவே தெரியாமத்தான் கேட்டான். எதுக்கு வந்தேன்? பெஞ்சுல வேற யாரோ உக்காந்திருந்தாங்க. சும்மா வந்தேன்னு சொல்லியிருக்கலாம். இருபது தடவையாவது நெனச்சுப் பாத்துட்டேன், சும்மா வந்தேண்டான்னு சொல்லியிருக்கலாம். வரல. ஹார்ன் ஒண்ணு போடணும்னுட்டேன். லாரிக்குப் போடற மாதிரி, பெருசா.

நம்ம வண்டிக்கு எதுக்கு சார் ஹார்ன்? நம்மளைக் கண்டா எருமை மாடுகூட ஒதுங்கி நிக்குது. வாங்கின நாள்ல இருந்து நான் ஹார்ன் அடிச்சதே இல்ல. அவனுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பாத்தான். உள்பக்கமா ஒரு தடவை திரும்பிப் பாத்தான். அப்புறம் குரலைக் கொறைச்சு, "வியாழக்கிழமை மத்தியானம் கொண்டாங்கண்ணே. மேரி அன்னைக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போகுது. பின்னால சந்துல நிறுத்திக்குவோம்"னான்.

வாசல்ல மத்தியானம் வெயில் அடிக்கும், அதான் சந்து. எனக்காக மத்த வண்டியை எல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கான் பாருங்க.

இன்னைக்கு வியாழக்கிழமைதானே? அதான் சார், உங்களை இறக்கிட்டு நேரா அங்கதான். இந்தா பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. பாத்து இறங்குங்க, படி கொஞ்சம் உசரம். காசெல்லாம் வேணாம் சார், உள்ள வைங்க. நீங்க இவ்வளவு நேரம் கேட்டீங்களே.

ஹார்ன் மாட்ட கால் மணி நேரம்தான் ஆகும். மெதுவா மாட்டுடான்னு சொல்லணும்.